பாதியில் நின்ற சொல் யாருடையது?



வாணிபத்துக்கு முதற்பொருள் எது என்று கேட்டால், சரக்கு என்பார் சிலர். நாணயம் என்பார் சிலர். இரண்டையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் நாகூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிப் பினாங்குத் துறையில் வந்திறங்கிய நம் முன்னோர்களில் பலரிடம் சரக்கும் இருந்ததில்லை, பணமும் இருந்ததில்லை. நாக்கு ஒன்றுதான் இருந்தது. கடனுக்குச் சரக்கெடுத்ததும் நாவினால். மலாய்க்காரரிடம் மலாயிலும், சீனரிடம் அவர் மொழியில் தெரிந்த நாலு வார்த்தையிலும் பேசி அதை விற்றுக் கடனை அடைத்ததும் நாவினால். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சும்மா அல்ல. அப்படியாயின், வாயிருந்தும் சொல் வெளிவராமல் திக்கி நிற்கும் பிள்ளை என்ன செய்யும்? அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள்?

இதைச் சிந்திக்க நம்மைத் தூண்டியது ஒரு நஷ்டம். 35 ரிங்கிட் நஷ்டம்.

கடையில் நம் கூட்டாளியாக இருப்பவருடைய மகன், வயது பதினான்கு, பள்ளி விடுமுறையில் கடைக்கு வந்து நிற்பான். நல்ல பிள்ளை. கணக்கில் புலி. துணியைத் தொட்டுப் பார்த்தே எந்த ஊர் நெசவு என்று சொல்லிவிடுவான்; சொல்வதற்குள் நமக்குத்தான் பொறுமை போய்விடும். 'ல'விலும் 'ப'விலும் அவன் நாக்கு மாட்டிக்கொள்ளும். கண் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், சொல் மட்டும் வராது. வாடிக்கைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைக் காணச் சகியாமல், கல்லாவிலிருந்தபடியே அவன் தொடங்கிய சொல்லை நாம் முடித்துவைப்போம். பையனுக்குப் பெரிய உதவி செய்வதாகவே நினைத்திருந்தோம். நாளடைவில் அவன் வாய் திறக்குமுன்பே நாம் விலையைச் சொல்லிவிடுவதும் வழக்கமாயிற்று.

ஒரு நாள் மலாய் அம்மையார் ஒருவர் கைலி ஒன்றை எடுத்து விலை கேட்டார். பையன் "லி... லி... லிமா..." என்று நின்றான். அது சிறுவர் கைலி என்றெண்ணி, "லிமா பெலாஸ்!" என்று நாம் உரக்கச் சொல்லிவிட்டோம். அவர் 15 ரிங்கிட்டை வைத்துவிட்டு மகிழ்ச்சியோடு போய்விட்டார். பிறகு பார்த்தால், அது 50 ரிங்கிட் கைலி. பையன் சொல்ல முயன்றது "லிமா புலோ".

நமக்கு வந்ததே கோபம்! "விலை தப்பு என்று தெரிந்தும் மரம் போல நின்றாயே, ஏன் சொல்லவில்லை?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டோம். அவன் தலை குனிந்து நின்றான். வெகுநேரம் சென்று பதில் வந்தது.

"சொ... சொ... சொல்லிக்கிட்டுத்தான் மாமா இருந்தேன்."

அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பணம் போனதற்காக அல்ல. பணம் நாளைக்கு வரும்.

அடுத்தவன் சாக்கிலிருந்து அவனைக் கேளாமல் ஒரு பிடி அரிசி எடுப்பதை நாம் ஹராம் என்று அறிவோம். நல்லெண்ணத்தோடு எடுத்தாலும் அது ஹராமே. ஒருவன் நாவில் பாதி வந்து நிற்கும் சொல் மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளலாகும் பொதுச்சொத்தா? திக்கிப் பேசுகிறவனுக்குத் தான் சொல்ல வேண்டியது என்னவென்று தெரியும். சொல் அகப்படாமல் தேடுகிறவனல்லன் அவன். நம் பையன் மனத்தில் ஐம்பது என்பது சந்தேகமில்லாமல் இருந்தது. வழியில்தான் அடைப்பு; கிடங்கில் சரக்கு நிறைந்தே இருந்தது. நாம் செய்தது என்ன? அவன் சரக்கை வீதியில் எறிந்துவிட்டு, நம் சரக்கை அவன் பெயரில் விற்றோம். அதற்கு நன்றியும் எதிர்பார்த்தோம்.

'சரியான சொல்லைச் சொல்லி முடித்திருந்தால் குற்றமில்லையே?' என்று சிலர் வாதிக்கலாம். நாமும் நமக்குள் அப்படி வாதித்துப் பார்த்தோம். ஆனால் அதற்கு முன் நூறு முறை நாம் சரியாகவே முடித்து வைத்திருக்கிறோம். அந்த நூறு முறையும் பையன் கற்றது ஒன்றுதான்: தான் பேசி முடிக்கும்வரை காத்திருக்க இவ்வுலகில் ஆளில்லை என்பது. நூற்றோராவது முறை நாம் தவறியபோது, நிறுத்தித் திருத்தும் துணிவு அவனிடம் எஞ்சியிருக்கவில்லை. அதைச் சிறுகச் சிறுகத் தின்று தீர்த்தவர்கள் நாம்.

இந்தத் திக்கல் என்பது என்ன என்பதை நம் வணிகப் பெருமக்களில் பலர் அறியார், நாமும் அறியாதிருந்தோம். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்து குழந்தைகளுக்கு, பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், இது தோன்றுகிறது. அவர்களில் பெரும்பாலோர்க்குத் தானே மறைந்துவிடும். வளர்ந்தபின்னும் நிலைப்பது நூற்றில் ஒருவர்க்கு. அவர்களிலும் ஆண்களே பெண்களைவிடப் பன்மடங்கு அதிகம். பயத்தினாலோ, தாயின் வளர்ப்பினாலோ, வீட்டில் தமிழும் வெளியில் மலாயும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுவதாலோ இது உண்டாகிறது என்பதற்கு ஆதாரமில்லை. குடும்ப வழியில் தொடர்வதுண்டு. 2010-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதற்குத் தொடர்புடைய மரபணு மாறுதல்கள் சிலவற்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு வழிகாட்டியது பாகிஸ்தானைச் சேர்ந்த, உறவுக்குள்ளேயே மணம் முடித்துவந்த ஒரு பெருங்குடும்பம். பேச்சின் காலக்கணக்கை ஒழுங்கு செய்யும் மூளைப் பாதைகளில் வேறுபாடு உண்டென்றும் அறிந்திருக்கிறார்கள். ஆகவே இது சோம்பலுமன்று, பிடிவாதமுமன்று, கண்ணேறுமன்று.

இதற்கு மனிதர் செய்த வைத்தியங்களைக் கேட்டால் உள்ளம் நடுங்குகிறது. நம் வீட்டுப் பாட்டிமார் குழந்தையின் நாவில் வசம்பு தேய்த்தார்கள். காரமானது அது. 1841-இல் பெர்லின் நகரில் டீஃபன்பாக் என்னும் பேர்பெற்ற அறுவை மருத்துவர், திக்குவோரின் நாக்கின் அடியில் கத்தி வைத்துச் சதையையே அறுத்தெடுத்தார். அக்காலத்தில் மயக்க மருந்தும் கிடையாது.

அதனினும் கொடியது 1939-இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அயோவா மாநிலத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெண்டெல் ஜான்சன் என்னும் அறிஞர், ஓர் அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளைத் தெரிந்தெடுத்து, தம் மாணவி ஒருவரைக்கொண்டு ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தைகள் சிலரிடமே 'உன் பேச்சில் கோளாறு இருக்கிறது, சரியாகப் பேச முடிந்தாலன்றி வாய் திறவாதே' என்று மாதக்கணக்கில் சொல்லிவைத்தார்கள். அக்குழந்தைகள் மெல்ல மெல்ல வாயடைத்துப் போனார்கள். பள்ளியில் பேச அஞ்சினார்கள். யத்தீம் பிள்ளைகள், கேட்பாரில்லை. 2001-இல் இச்செய்தி வெளியாகி, பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் அம்மாநில அரசு, பாதிக்கப்பட்டோர் தரப்பில் ஆறு பேர்க்கு 9,25,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. அறுபத்தெட்டு ஆண்டு கழித்து வந்த பணம்!

இதில் நம்மைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. அந்த ஜான்சன், தாமே திக்கிப் பேசுகிறவர். தம்மைப்போன்றோரின் துயரம் தீரவேண்டும் என்ற ஆசையால்தான் அந்த ஆராய்ச்சியில் இறங்கினார். ஆகவே ஒரே நோய் இருவருக்கும் இருப்பதாலேயே ஒருவர்க்கொருவர் துணையாகிவிடுவார்கள் என்று எண்ணுவதற்கில்லை. மேலே நின்று கீழே பார்க்கிறவன், தானும் அதே நோயாளியாயினும், கீழே இருப்பவனைப் பொருளாகத்தான் காண்பான். வேண்டியது ஒரே நோயன்று, ஒரே பாய். இருவரும் ஒரே பாயில் உட்காரவேண்டும்.

நம் கையிலுள்ள வேதத்திலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருப்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஃபிர்அவ்னிடம் போ என்று அல்லாஹ் கட்டளையிட்டபோது, நபி மூஸா (அலை) அவர்கள் படை கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. நெஞ்சை விரிவாக்கித் தரவும், நாவிலுள்ள முடிச்சை அவிழ்த்துவிடவும் கேட்டார்கள். கூடவே, தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தரவும் கேட்டார்கள். இது தாஹா அத்தியாயத்தில் உள்ளது. அதே நாவைக் காட்டி, தெளிவாகப் பேசவும் இயலாதவரென்று ஃபிர்அவ்ன் ஏளனம் செய்தது அஸ்ஸுக்ருஃப் அத்தியாயத்தில் உள்ளது. திக்குவாயைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் யாரிடமிருந்து வந்த சொத்து என்பதை நம் கடைத்தெருவில் பட்டப்பெயர் வைப்பதில் வல்லவர்கள் கவனிப்பார்களாக.

ஒரு நண்பர் இதற்கு மறுப்புச் சொன்னார். 'மூஸா நபி கேட்ட துணை, தம்மைக்காட்டிலும் நாவன்மை மிக்க சகோதரர் ஆயிற்றே. அப்படியானால் வாய் உள்ளவன் வாய் இல்லாதவனுக்காகப் பேசுவதுதானே முறை?' என்றார். நல்ல கேள்வி. ஹாரூன் (அலை) நாவன்மை மிக்கவர் என்பது அல்கஸஸ் அத்தியாயத்தில் உள்ளதுதான். ஆனால் எதற்காகக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தாம் சொல்வதை மெய்யென்று உடனிருந்து உறுதி செய்யத்தான் கேட்டார்கள். ஃபிர்அவ்னின் சபையில் வாதாடியது மூஸா (அலை) அவர்களே. ஹாரூன் (அலை) பக்கத்தில் நின்றார்கள், சொல்லைப் பறித்துக்கொள்ளவில்லை. கல்லாவிலிருந்து விலை கூவிய நமக்கும் அவர்களுக்கும் உள்ள தூரத்தை வாசகர்களே அளந்து கொள்ளலாம்.

ஓதும் பள்ளியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நம் பையனைச் சிறு வயதில் உஸ்தாத் ஒருவர் பிரம்பால் அடித்தாராம். காரணம்: எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து ஓதும்போது தங்குதடையின்றி ஓதுகிறான், தனியே எழுந்து பதில் சொல்லச் சொன்னால் திக்குகிறான், ஆகவே நடிக்கிறான் என்பது. அந்தோ! பலரோடு ஒரே குரலில் சேர்ந்து வாசிக்கும்போதும், பாடும்போதும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும் என்பது உலகெங்கும் அறிந்த இயல்பு. அது நடிப்பன்று, மூளையின் வேலை. அதே பிள்ளைக்குத் தன் பெயரைச் சொல்லத்தான் எல்லாவற்றிலும் கடினம். ஏனெனில் வேறு சொல்லை மாற்றி வைக்க இயலாத சொல் பெயர் ஒன்றே. டெலிபோன் அதற்கடுத்த கொடுமை. திருமறையைத் தட்டுத் தடுமாறி, சிரமப்பட்டு ஓதுகிறவனுக்கு இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அருளியதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த ஹதீஸை அந்த உஸ்தாத் நமக்கெல்லாம் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார் என்பதுதான் இதில் வேடிக்கை. அவரைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை. அவர் பிரம்பை எடுத்தார், நாம் விலையைக் கூவினோம்.

சரி, என்ன செய்வது? கூட்டாளியும் நாமும் பையனை அரசு மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துச் சென்றோம். அது செய்யவேண்டிய காரியம். சிறு குழந்தையாயின் இன்னும் விரைவில் செய்யவேண்டிய காரியம். நாம் பத்தாண்டு பிந்திவிட்டோம். அப்பெண்மணி நமக்கே முதலில் பாடம் நடத்தினார். 'மெதுவாகப் பேசு', 'மூச்சை இழுத்துவிட்டுப் பேசு' என்று சொல்லக்கூடாது. சொல்லை முடித்து வைக்கக்கூடாது. அவன் எப்படிச் சொல்கிறான் என்பதை விட்டு என்ன சொல்கிறான் என்பதைக் கேட்கவேண்டும். கண்ணை அப்பால் திருப்பக்கூடாது. கேட்கச் சுலபம். பத்து வாடிக்கைக்காரர் நிற்கும்போது செய்து பாருங்கள், தெரியும்.

அவரிடம் பையன் ஐந்து மாதம் போனான். பேச்சு ஓரளவு இலகுவாயிற்று. முகம் மட்டும் தெளியவில்லை. அப்போதுதான் அந்தப் பயிற்சியாளர் ஓர் உபாயம் செய்தார். அதே குறையுடைய வேறொரு பையனை, நாசி கண்டார் கடைக்காரர் ஒருவருடைய மகனை, அதே நேரத்துக்கு வரச்சொல்லி, இருவரையும் ஓர் அறையில் விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அவனுக்குப் பதினேழு வயது. எஸ்.பி.எம். வாய்மொழித் தேர்வுக்காக அஞ்சிக்கொண்டிருந்தவன்.

நம் பையன் தன்னைப்போல் திக்கிப் பேசும் இன்னொருவனை அன்றுதான் வாழ்வில் முதன்முதலாகக் கண்டான்! பதினான்கு ஆண்டு, இந்தக் குறை உலகில் தனக்கு மட்டும் என்றே எண்ணியிருந்திருக்கிறான். உள்ளே ஒரு மணி நேரம் என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியாது. வெளியே வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பிற்பாடு கொஞ்சம் சொன்னான். அந்தப் பெரிய பையன் தன் வாப்பாவின் கடையிலேயே தனக்கு ரொட்டி சானாய் என்று கேட்க வாய் வராமல், ஓராண்டு காலம் மீ கோரெங் தின்றானாம். 'நானும்தான், நானா' என்றானாம் நம்மவன். 'நானும்தான்' என்ற அந்தச் சொல்லில் ஒரு திக்கலும் இல்லை என்று நமக்குத் தோன்றியது, இருந்திருந்தாலும் குறையில்லை.

பெரியவன் கற்றுக்கொடுத்தது ஒன்று. டெலிபோனை எடுத்தவுடன், 'எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிடு. பிறகு பாதிப் பாரம் இறங்கிவிடும் என்பது. இதையே அந்தப் பயிற்சியாளர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னபோது பையன் தலையாட்டினான். இவன் சொன்ன மறுநாளே செய்தான்.

இது ஏன் என்று நாம் பலநாள் யோசித்தோம். வணிகர்களாகிய நமக்கு இதைக் கணக்குப் புத்தகத்தால்தான் புரிந்துகொள்ள முடிகிறது. சரளமாகப் பேசுகிறவன் திக்குகிறவனுக்குக் காட்டும் பொறுமை, எவ்வளவு தூயதாயினும், ஒரு கடனாகவே அவன் பெயரில் ஏறுகிறது. நமது ஐந்து நிமிடத்தை அவனுக்குக் கொடுத்தோம். அவன் திருப்பித்தர இயலாது. ஆகவே அவன் என்றும் கடனாளி. கடன்காரன் முன் நிமிர்ந்து நிற்பவன் யார்? அவன் இன்னும் திக்குகிறான் என்பதில் வியப்பென்ன? ஆனால் இரண்டு திக்குவாயர் எதிரெதிரே உட்கார்ந்தால், இவன் அவனுக்காகக் காத்திருக்கிறான், அவன் இவனுக்காகக் காத்திருக்கிறான். அந்திக்குக் கணக்கு நேராகிவிடுகிறது. யாரும் யாருக்கும் பாக்கி இல்லை.

மன்னனாயினும் இந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. நம் பெரியவர்கள் கையாண்ட மலாயாக் காசில் தலை பொறிக்கப்பட்டிருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் திக்குவாயர். 1926 முதல் லயனல் லோக் என்னும் ஆஸ்திரேலியரிடம் பயின்று, 1939 செப்டம்பர் 3-ஆம் நாள் யுத்தப் பிரகடனத்தன்று உலகமே கேட்க வானொலியில் பேசி முடித்தார். அவருக்கு நல்ல ஆசான் வாய்த்தார். ஆனால் அவரோடு ஒரே பாயில் உட்கார்ந்து 'நானும்தான்' என்று சொல்லக்கூடியவர் அந்த அரண்மனையில் யார் இருந்திருப்பார்?

மேனாட்டினர் இதை உணர்ந்து வழி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1997-இல், திக்கிப் பேசும் சிறுவர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்குமாகவே 'ஃபிரெண்ட்ஸ்' என்றொரு சங்கம் கண்டார்கள். ஆண்டுதோறும் மாநாடு கூடுகிறது. நியூயார்க்கில் 2001-இல் தொடங்கிய இன்னொரு சங்கம், இத்தகைய பிள்ளைகளுக்கென்றே கோடைக்காலக் கூடாரம் நடத்துகிறது. 1998 முதல் அக்டோபர் 22-ஆம் நாள் இதற்கான உலக தினமாக அனுசரிக்கப்படுகிறது. 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இளமையில் தாமும் திக்கிய ஜோ பைடன், தேர்தல் பிரசாரத்தின்போது ஒரு சிறுவனைச் சந்தித்து, தாம் மேடையில் வாசிக்கும் தாள்களில் எங்கெங்கே நிறுத்தக் கோடு போட்டிருக்கிறார் என்று காட்டினார். அவ்வாண்டு ஆகஸ்டில் அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுவன் கோடிக்கணக்கானோர் பார்க்கத் திக்கித் திக்கியே பேசினான். அவருடைய அரசியலைப்பற்றி நம் வாசகர்களுக்குத் தீராத மனக்கசப்பு உண்டு, நமக்கும் உண்டு. அது வேறு வழக்கு. கோடு போட்ட தாளைக் காட்டியது நல்ல காரியம்.

நம் சங்கத்தில் இதைப் பேசியபோது எழுந்த ஆட்சேபணைகளையும் மறைக்கலாகாது. 'திக்குவாய்ப் பிள்ளைகளை ஒன்றுசேர்த்தால் ஒருவனைப் பார்த்து ஒருவனுக்குக் கூடிவிடாதா?' என்றார் ஒருவர். இது தொற்று நோயன்று; அந்த அச்சம் வேண்டாம். 'எல்லாரும் நல்லபடி பேசப் பழகவேண்டுமே தவிர, திக்குவதைச் சரியென்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிடலாமா?' என்றார் இன்னொருவர். இது அவ்வளவு எளிதாகத் தள்ளத்தக்கதன்று. பயிற்சி வேண்டும், அதை நாம் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பேச்சுச் சீரான பிறகுதான் பேசலாம் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது, அயோவாவில் அந்த யத்தீம்களிடம் சொன்னதற்கு வெகுதூரத்தில் இல்லை. மூன்றாமவர் மட்டும் கூட்டம் முடிந்தபின் தனியே நம்மை அழைத்து, 'வெளியே தெரிந்தால் அவன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பது கஷ்டமாகுமே' என்றார். நம்மை வாயடைக்கச் செய்தது இதுதான். பொய்யான பயம் என்று சொல்ல முடியவில்லை. குடும்ப வழியில் தொடர்வதுண்டு என்று மேலே நாமே எழுதியிருக்கிறோம். ஆனால் அந்தப் பையன் இதுவரை மறைக்கப்பட்டிருக்கிறானா என்ன? தெருவெல்லாம் அறியும். அறியாதவன்போல் நடித்தவர்கள் நாம் மட்டுமே. அந்த நடிப்புக்குக் கூலியாகப் பையன் வீட்டுக்கு விருந்தாளி வரும்போதெல்லாம் அடுக்களையில் உட்கார்ந்திருந்தான். தங்கைக்கு வரப்போகும் மாப்பிள்ளை இதற்காக விலகுவானென்றால், விலகட்டும் என்று அவன் உம்மா சொன்னார். நம் சங்கத்தார் யாரும் அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை.

இப்போது சனிக்கிழமைதோறும் மக்ரிபுக்குப் பின், நம் கடை மேல்மாடியில் துணி மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் பையன்கள் கூடுகிறார்கள். இருவராகத் தொடங்கியது ஆறு பேராகியிருக்கிறது. ஒருவன் சீனப் பையன், ஒருவன் மலாய்ப் பையன். முதல் வாரம் நாமும் மேலே போய் உட்கார்ந்து, நாலு நல்ல வார்த்தை சொல்லத் தொண்டையைக் கனைத்தோம். "மாமா, நீங்க கீழே இருங்க" என்று நம் பையன் சொல்லிவிட்டான். சற்றே நேரம் பிடித்தது. சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துதான் இறங்கினோம்.

கீழே கணக்கு எழுதிக்கொண்டிருந்தால் மேலே சத்தம் கேட்கும். நீண்ட அமைதி, பிறகு கொல்லென்று சிரிப்பு. ஒரு நாள் பக்கத்து உணவகத்துக்கு டெலிபோனில் தேநீர் சொல்லும் முறை நம் பையனுடையது. 'தே' என்ற எழுத்தில் நின்றுவிட்டான். எதிர்முனையில் இருந்தவர் வைத்துவிட்டார் போலும். மீண்டும் அழைத்தான், மீண்டும் வைத்துவிட்டார். நம் கைபேசி நம் கையிலேயே இருந்தது. அந்த உணவகத்து முதலாளி நமக்கு நண்பர். ஒரு வார்த்தை போதும். படிக்கட்டின் மூன்றாம் படிவரை ஏறிவிட்டோம். மேலே ஐந்து பையன்கள் ஒரு சொல்லும் பேசாமல் அவனுக்காகக் காத்திருக்கும் அமைதி கேட்டது. இறங்கி வந்து கல்லாவில் உட்கார்ந்துகொண்டோம். நாலாம் தடவைக்குத் தேநீர் வந்தது.

அந்தக் காசை நம் கணக்கில் எழுதிக்கொள்வதாகச் சொன்னோம். வேண்டாமென்று விட்டார்கள். ஆளுக்கு இரண்டு ரிங்கிட் போட்டுக்கொள்கிறார்கள். இத்தகைய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் அவனைக் கேளுங்கள். அவன் சரியென்றால் சனிக்கிழமை ஏழே முக்கால் மணி சுமாருக்கு அனுப்பி வையுங்கள். கட்டாயப்படுத்தி அழைத்துவரப்பட்ட ஒருவன் இரண்டு வாரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். மூன்றாம் வாரம் தானாக வந்தான், கையில் இரண்டு ரிங்கிட்டோடு.